லாபம், ரெண்டு, மூணு

“நான் எப்படா அழுதேன்?”

அப்பா கேட்டது அவ்வளவுதான். கையில் என் கதை வந்திருந்த இதழ். சாப்பிட்டு முடித்து, திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு மணி நேரம் எடுத்துப் படித்திருந்தார். குரலில் கோபம் இல்லை. ரேஷன் கார்டில் பிறந்த தேதி தப்பாக விழுந்திருந்தால் கேட்பாரே, அந்தக் குரல்.

கதை கஜா புயலைப் பற்றியது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, விடியும் முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல். எங்கள் தோப்பு திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. 112 தென்னை நின்றது. 83 விழுந்தது. கதையில் நான் எழுதியது இப்படி: விடிந்ததும் ஒரு பெரியவர் தோப்புக்கு ஓடுகிறார். விழுந்து கிடக்கும் மரத்தைக் கட்டிப்பிடித்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி கதறுகிறார். கதை முடிகிறது.

நிறைய பேர் பாராட்டினார்கள். படித்து அழுததாக மூன்று பேர் எழுதினார்கள். எனக்கே எழுதும்போது கண் கலங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. எழுத்தாளர்கள் பேட்டியில் சொல்வார்களே, “அது தானா வந்துச்சு” என்று, அப்படித் தானாக வந்தது.

தானாக வந்ததுதான் கோளாறு என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அப்பா அன்றைக்கு அழவில்லை. நான் அதைப் பார்க்கவும் இல்லை, நான் சென்னையில் இருந்தேன். அப்படியென்றால் அந்தக் கதறல் எங்கிருந்து வந்தது? அந்த வாரம் டிவியில் ஓடிய காட்சிகளிலிருந்து வந்தது. சினிமாவிலிருந்து வந்தது. நான் படித்து வளர்ந்த விவசாயிக் கதைகளிலிருந்து வந்தது. என் உள்ளத்திலிருந்து பொங்கியதாக நான் நினைத்தது, எவரெவரோ என் உள்ளத்தில் போட்டுவைத்த சரக்கு. கை விட்டதும் மேலே கிடந்தது முதலில் வந்துவிட்டது.

*

நான் வேலை பார்ப்பது கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாடு பிரிவில். (குவாலிட்டி என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கே புரியும்.) ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எட்டுக் கட்டங்களில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்குள் ‘ஐந்து ஏன்’ வரும். டொயோட்டாக்காரர்கள் பிரபலமாக்கிய முறை. தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணம் எல்லா வகுப்பிலும் வரும்: மெஷின் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன்? பேரிங்குக்குப் போதுமான எண்ணெய் போகவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது. முதல் ஏனோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். மறுநாள் திரும்ப நின்றிருக்கும்.

எழுத்து ஒரு அறை, இந்த வேலை வேறு அறை என்றுதான் வைத்திருந்தேன். நடுவில் கதவு இருப்பதாகவே நினைக்கவில்லை. கம்பெனியில் ட்ரிஸ் என்ற முறையைப் பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். ரஷ்யப் பெயரின் சுருக்கம். கண்டுபிடிப்புச் சிக்கல்களைத் தீர்க்கும் கோட்பாடு என்று பொருள். வகுப்பில் நாற்பது உத்திகளின் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள்: பிரி, பிடுங்கியெடு, தலைகீழாக்கு, முன்கூட்டியே செய், ஒன்றுக்குள் ஒன்றை வை, கெடுதலையே நன்மையாக்கு... நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அதைக் கண்டுபிடித்த ஆளைப் பற்றிப் பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் தூக்கம் கலைந்தது.

ஹென்ரிக் அல்ட்ஷுல்லர், 1926இல் தாஷ்கண்டில் பிறந்தவர். சோவியத் கடற்படையில் கண்டுபிடிப்பாளர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை. ஆயிரக்கணக்கில் படித்துப் படித்து அவருக்கு ஒன்று தோன்றியது: துறை வேறாக இருந்தாலும் நல்ல கண்டுபிடிப்புகள் ஒரே சில உத்திகளையே திரும்பத் திரும்பக் கையாள்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முரண் இருக்கிறது. சாதாரண ஆள் முரணின் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்வான். கண்டுபிடிப்பாளன் சமரசத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டான், இரண்டும் முழுசாக வேண்டும் என்பான். நாட்டில் புதுமைகள் நடக்கும் லட்சணத்தைக் குறைசொல்லி 1948இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். 1950இல் கைது. வோர்குத்தா முகாம். ஸ்டாலின் செத்த மறுவருஷம், 1954இல் வெளியே வந்தார்.

சிறையில் நடந்ததாக அவருடைய சீடர்கள் ஒரு கதை சொல்வார்கள். ராத்திரி முழுக்க விசாரணை. பகலில் தூங்கக் கூடாது, காவலாளி துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். முரண்: கண் மூடியிருக்க வேண்டும், கண் திறந்தும் இருக்க வேண்டும். சிகரெட் பெட்டியின் காகிதத்தைக் கிழித்து, எரிந்த தீக்குச்சியால் கண்மணி வரைந்து, இமைமேல் ஒட்டிக்கொண்டு தூங்கினாராம். காவலாளி எட்டிப் பார்க்கும்போது பக்கத்துக் கைதி அவரோடு பேசுவது மாதிரி நடிப்பாராம்.

நிஜமோ ஜோடனையோ, எனக்கு வேண்டியது அதில் இருந்தது. இந்த ஆள் பிற்காலத்தில் ஹென்ரிக் அல்தோவ் என்ற பெயரில் அறிவியல் புனைகதைகள் எழுதினார் என்பது அடுத்த ஆச்சரியம். எழுதியதோடு நிற்காமல் மற்றவர்களின் புனைகதைகளில் வந்த யோசனைகளையும் வகை பிரித்துப் பட்டியல் போட்டு வைத்தார். அவருக்கு அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் சுவரே இல்லை.

அன்று ராத்திரி ஒரு ஏ4 தாளை எடுத்து, கம்பெனியில் எழுதுவது மாதிரியே, என் கதையின் முரணை எழுதினேன்.

அப்பா அழ வேண்டும் (வாசகனுக்கு இழப்பு தெரிய). அப்பா அழக் கூடாது (அவர் அழவில்லை).

சமரசம் கைவசம் இருந்தது: கண் மட்டும் கலங்கியது என்று எழுதலாம். ஒரு சொட்டு. நம் கதைகளில் அந்த ஒரு சொட்டு எத்தனை ஆயிரம் பேர் கண்ணில் நின்றிருக்கிறது! அதை அடித்தேன். ட்ரிஸ்ஸில் இன்னொரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து எதையும் கொண்டுவருமுன், அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பட்டியல் போடு. வேண்டிய வேலையை அதில் எது செய்யும் என்று பார். பட்டியல் போட எனக்குத் தகவல் போதவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன்.

“அன்னிக்கு விடிஞ்சதும் அப்பா என்னம்மா பண்ணாங்க?”

“என்ன பண்ணுவாங்க. தோப்புக்குப் போனாங்க. நானும் பின்னாடியே போனேன்.”

“போயி?”

“எண்ணுனாங்க.”

“எண்ணுனாங்கன்னா?”

“விழுந்த மரத்தையெல்லாம் எண்ணுனாங்கடா. தொட்டுத் தொட்டு. மொதல்ல இந்தப் பக்கத்துலேர்ந்து. நடுவுல தப்பிப் போச்சுன்னு திரும்பவும் மொதல்லேர்ந்து.”

“சத்தமாவா?”

“ஆமா. நெல்லு அளக்குறப்ப எப்பவும் எண்ணுவாங்கள்ல, அதே மாரி. லாபம், ரெண்டு, மூணுன்னு.”

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. அப்பாவுக்குத் தேங்காய் எண்ணினாலும் அதுதான், சாக்கு எண்ணினாலும் அதுதான். அன்றைக்கு விழுந்து கிடந்த முதல் மரத்தைத் தொட்டும் நாக்குப் பழக்கத்தில் அதையே சொல்லியிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். ராத்திரி இரண்டு மணி உந்துதலில் இந்த ஒரு சொல் எனக்கு வந்திருக்காது. நூறு வருஷம் காத்திருந்தாலும் வந்திருக்காது. ஒரு தாளில் கோடு போட்டு, ‘காதில் விழுந்தது’ என்று தலைப்பு எழுதி, அந்தக் கட்டம் காலியாக இருந்ததால் வந்தது.

*

கட்டம் போட்டு எழுதுவது என்றால் நம்மில் பலருக்கு உடம்பு கூசும். கவிதை ஊற்று, கதை கரு, எழுத்து பிரசவம். இதெல்லாம்தான் நாம் புழங்கும் உவமைகள். ஆனால் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய இலக்கண நூலைத் திறந்தால் அங்கே இருப்பது கட்டம்தான். தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாட்டுக்கு மூன்று பகுதிகள் கொடுக்கிறது. முதற்பொருள் என்று நிலமும் பொழுதும். கருப்பொருள் என்று அந்த நிலத்தின் மரம், விலங்கு, பறை, தொழில். உரிப்பொருள் என்று அதற்குரிய மன ஒழுக்கம். நூலின் கடைசிப் பகுதியான மரபியலின் முடிவில் 32 உத்திகளின் பட்டியலே இருக்கிறது. அது நூல் செய்வதற்கான உத்திகள், கவிதைக்கானது இல்லை. என்றாலும் அல்ட்ஷுல்லரின் நாற்பதைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

பள்ளிக்கூடத்தில் திணையை மனப்பாடப் பகுதியாகத்தான் படித்தேன். குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல், ஐந்து மார்க். அந்த அட்டவணையை என் கதைமேல் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. ஏ4 தாளின் பின்பக்கம் அதைத்தான் செய்தேன்.

நிலம். எங்கள் ஊர் குழப்பமான இடம். வடக்கே பார்த்தால் வயல், மருதம். தெற்கே போகப் போக உப்புக்காற்று, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, நெய்தல். தோப்பு இரண்டுக்கும் நடுவில். புயல் கடலிலிருந்து வந்தது என்பதால் நான் யோசிக்காமலே நெய்தலுக்குப் போயிருக்கிறேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆக, அழவைத்துவிட்டேன். அட்டவணை தெரியாமலே அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன் என்பது வேடிக்கை. முறை வேண்டாம் என்று எழுதுகிறவனுக்கும் ஒரு முறை இருக்கத்தான் செய்கிறது. என்ன, அவன் கண்ணுக்கு அது தெரியாது.

அடுத்து பொழுது. நெய்தலுக்கு எற்பாடு, பொழுது சாயும் நேரம். நடந்ததோ விடியலில். வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. சரி, மருதம் என்றே வைப்போம். நெல் அளக்கும் பழக்கத்தில் மரம் எண்ணும் மனிதர், அவரும் மருதம்தான். அப்படியென்றால் உரிப்பொருள்?

ஊடல்.

இது தப்பான விடை என்றுதான் முதலில் தோன்றியது. ஊடல் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவில் வருவது. தகப்பன் தோப்பில் எண்ணுவதில் ஊடல் எங்கே வந்தது? இலக்கணம் தெரிந்த யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டலாம், திட்டட்டும். ஆனால் வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முறை ஒரு விடை கொடுத்தால், அபத்தமாகத் தெரிந்தாலும் ஐந்து நிமிஷம் அதோடு உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். யார் யாரோடு ஊடல்?

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். செவ்வாய்க்கிழமை. வழியெல்லாம் மரம், கம்பம் கம்பமாக மின்கம்பி. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். “சாப்டியா,” என்றார். அவ்வளவுதான். நான் இருந்த மூன்று நாளும் என்னிடம் தோப்பைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டபோதும், “கெடக்கு” என்றார். வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் ஒவ்வொரு மரமாகச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அதை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இப்போது தாளின் மிச்ச இடத்தில் ஐந்து ஏன்.

அப்பா ஏன் அழவில்லை? எண்ணிக்கொண்டிருந்தார்.

ஏன் எண்ணினார்? நிவாரணத்துக்காக என்று சட்டென்று எழுதினேன். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசாங்கம் கொடுத்தது. ஆனால் அந்த அறிவிப்பு வந்தது புயல் போய்ச் சில நாள் கழித்து. அவர் எண்ணியது அன்று விடியலில், எந்த அறிவிப்பும் இல்லாதபோது. அந்தப் பதிலை அடித்தேன். (எதற்கு எண்ணினார் என்று பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். “எண்ணலன்னா எவ்வளவு போச்சுன்னு எப்புடித் தெரியும்?” என்றார்.)

ஏன் திரும்பத் திரும்ப எண்ணினார்? நடுவில் கணக்குத் தப்பியது. ஏன் தப்பியது? ஒருத்தர் தொட்டுச் சொல்ல, ஒருத்தர் சுண்ணாம்பு வைக்கணும். தோப்பில் தேங்காய் வெட்டு நாளில் நானும் அவரும் அப்படித்தான் எண்ணுவோம். அன்றைக்கு ஒரே ஆள்.

ஏன் ஒரே ஆள்?

திங்கட்கிழமை கம்பெனியில் ஆடிட் இருந்தது. நான் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

*

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னேன். நன்றாகக் கவிதை எழுதுகிறவன். அவனுக்குப் பிடிக்கவில்லை. “நீ உங்க அப்பாவோட துக்கத்த பிரேக் ஷூ மாதிரி கழட்டிப் பாத்திருக்க,” என்றான். அதோடு விடவில்லை. “ப்ராப்ளம்னா சால்வ் பண்ணிடலாம். இது ப்ராப்ளமாடா?”

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. எங்கள் எட்டுக் கட்ட ரிப்போர்ட்டின் எட்டாவது கட்டம் என்ன தெரியுமா? குழுவைப் பாராட்டுதல். நிஜமாகவே அப்படித்தான். காரணம் கண்டுபிடித்து, திருத்தம் செய்து, திரும்ப நடக்காமல் தடுத்து, கடைசியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டு ஃபைலை மூட வேண்டும். அப்படியே கதைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவன் தன் குற்றத்தை முறைப்படி தோண்டியெடுக்கிறான். நேர்த்தியாக எழுதுகிறான். ‘என்ன ஒரு நேர்மை’ என்று நாலு பேர் சொல்கிறார்கள். எட்டாவது கட்டம் முடிந்தது. ஃபைல் மூடியாயிற்று. தோப்பில் ஒற்றை ஆளாக எண்ணியவருக்கு அதில் என்ன கிடைத்தது? முதல் கதை பொய், பாராட்டு வாங்கியது. இரண்டாவது உண்மையாக இருந்து பாராட்டு வாங்கினால் அது எந்த வகையில் மேல்? எனக்கு இன்றைக்கும் இதற்குச் சரியான பதில் இல்லை. ஆனால் நண்பன் சொன்னதன் அடியில் இருக்கும் நம்பிக்கையை, அதாவது முறை வந்தால் உணர்ச்சி செத்துவிடும் என்பதை, என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், அத்தை.

அப்பாவின் அக்கா. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அத்தைக்கு ஆள் வரும். காசுக்காக இல்லை, ஒப்பாரி எடுத்துக்கொடுக்க. அத்தையின் பாட்டு முழுக்க அச்சு. இன்ன இடத்தில் ஊர்ப்பேர் வரும், இன்ன இடத்தில் தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன ஒரு சாமான் வரும், அப்புறம் அது உடையும், அப்புறம் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது. செத்தவர் புருஷனா, அப்பனா, பிள்ளையா என்பதைப் பொறுத்துச் சாமான் மாறும். சின்ன வயசில் நாங்கள் இதைக் கேலி செய்வோம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிச் சிரிப்போம்.

மாமா செத்தபோது அத்தை அதே அச்சைத்தான் எடுத்தாள். அதே ராகம், அதே அடுக்கு. தங்கத்தேர் வர வேண்டிய இடம் வந்தது. அங்கே அத்தை, மாமாவின் சைக்கிளை வைத்தாள். செயின் கழன்ற, பின்சக்கரம் கோணிய, இருபது வருஷ சைக்கிள். அது வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தது. கூடியிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த இடத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று தெரியும். அதனால்தான் சைக்கிள் வந்ததும் அப்படி உடைந்தார்கள். அச்சு இல்லாமல் வெறுமனே சைக்கிளைச் சொல்லியிருந்தால் அது ஒரு பழைய சைக்கிள், அவ்வளவுதான்.

பல மாசம் கழித்து அத்தையிடம் கேட்டேன், அன்றைக்கு யோசித்துப் பாடினீங்களா என்று.

“யோசிக்க எங்க தம்பி முடியும்? மொத ரெண்டு அடி நாக்கு பாட்டுக்கு சொல்லும். அது சொல்றப்ப நமக்கு அழுகையே வராது. மூணாவது அடிக்கு வர்றப்பதான் நெஞ்சு தொறக்கும். மொத ரெண்டு அடி இல்லேன்னா வாயையே தொறந்திருக்க மாட்டேன். மரமாட்டம் உக்காந்திருப்பேன்.”

அத்தை சொன்னதைப் போலத்தான் வேறு எங்கோ ஒரு பிரெஞ்சுக்காரரும் செய்தார் என்று எனக்குப் படுகிறது. ஜார்ஜ் பெரெக் 1969இல் ஒரு முழு நாவலை, பிரெஞ்சில் அதிகம் புழங்கும் ‘இ’ எழுத்தே இல்லாமல் எழுதினார். படிக்காமலே இதை ஒரு சர்க்கஸ் என்று ஒதுக்கியிருந்தேன். பெரெக்கின் அப்பா 1940இல் போரில் செத்தவர். அம்மா 1943இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை, தாய், குடும்பம் என்ற சொற்களை எழுத முடியாது. அவருடைய சொந்தப் பெயரையும் எழுத முடியாது. சர்க்கஸ் மாதிரி தெரிந்தது திடீரென்று ஒரு காலி வீடாக ஆகிவிடுகிறது.

நம்மிடம் இதற்கு முன்னூறு வருஷம் முந்திய உறவினர் ஒருவர் இருக்கிறார். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன்மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. ப, ம, வ, உ, ஊ, ஒ, ஓ எதுவும் வரக் கூடாது. பந்தயத்துக்காகப் பாடியது என்பார்கள். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது எந்தெந்தச் சொல் தேறும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தாய் வரும், தந்தை வரும். அம்மா வராது, அப்பா வராது. ஊர் வராது, வீடு வராது. ஏட்டுத் தமிழ் தேறிவிடுகிறது, வீட்டுத் தமிழ்தான் அடிபடுகிறது. சிவப்பிரகாசருக்கு இப்படி ஒரு எண்ணம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. அவருடைய கணக்கு வேறு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

முறையின் கட்சியில் இவ்வளவு பேசியாயிற்று. எதிர்க்கட்சிக்கும் எங்கள் காவிரிக்கரையிலேயே சாட்சி இருக்கிறது. திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு மேல் செய்யுள் முறை கைவந்தவர் கிடையாது. தலபுராணம் பாடச் சொன்னால் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று அச்சு தயார். ஏடு எழுதுகிறவரின் கைதான் பின்தங்கும். பயந்துகொண்டேதான் சொல்கிறேன், அந்தப் பாடல்களில் எத்தனை இன்று வாசகர் கையில் இருக்கின்றன? அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று பட்டியல் சொன்னார். முதலியார் அசரவில்லை. இவற்றால் என்ன பயன், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ‘என் சரித்திர’த்தில் ஐயரே இதை எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அறையில் ஐயர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வயிறு கலங்கும். ஆயிரம் அச்சு கையில் இருக்கலாம். தேர் இருந்த இடத்தில் வைக்க ஒரு சைக்கிள் இல்லையென்றால் அது ஓடிக்கொண்டே இருக்கும், எதுவும் நடக்காது. சைக்கிளை எந்த முறையும் தராது. அது வாசல் தூணில் சாய்ந்து நிற்க வேண்டும், நமக்கு அதைப் பார்க்கத் தைரியம் வேண்டும்.

*

கதையை இரண்டாவது முறை எழுதினேன். இந்தத் தடவை எட்டு மாசம் ஆயிற்று. அப்பாவுக்குக் கதையில் பெயர் இல்லை. அகத்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்தில் ஒரு விதி உண்டு. அதை அழகியல் விதி என்று நினைத்திருந்தேன். அடுத்தவர் வீட்டுக்குள் நடப்பதை எழுதுகிறவனுக்குப் போட்ட வேலியாகவும் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மகன் நாலாம் நாள் வருகிறான் என்பது ஒரு வரியில் இருக்கிறது. ஏன் என்பது இல்லை. நான் அந்த ஐந்தாவது ஏனை எழுதிப் பார்த்தேன், மூன்று விதமாக. மூன்றிலும் அவன் நல்லவனாகத் தெரிந்தான். குற்றவுணர்ச்சி உள்ளவன் கதையில் எப்போதும் கொஞ்சம் அழகாகிவிடுகிறான். அதனால் எடுத்துவிட்டேன். எடுத்தது நேர்மையா, தப்பித்தலா என்று என்னைக் கேட்டால் வாரத்துக்கு ஒரு பதில் சொல்வேன். இங்கே மட்டும் அந்த ஏனை எழுதிவிட்டேன். இதற்கும் நாலு பேர் ‘என்ன ஒரு நேர்மை’ என்று சொல்லக்கூடும்.

எந்த இதழுக்கும் அனுப்புமுன், போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அச்செடுத்த தாள்களை அப்பாவிடம் கொடுத்தேன். அதே திண்ணை, அதே கண்ணாடி. மூன்று பக்கம்தான், ஆனால் முக்கால் மணி நேரம் படித்தார். ‘லாபம்’ வரும் இடத்தில் நின்றாரா, மகன் வரும் வரியில் நின்றாரா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவும் தெரியவில்லை.

தாளை மடித்துக் கொடுத்தார்.

“எண்பத்திமூணுன்னு போட்டுருக்க.”

“ஆமாப்பா. நீங்க எண்ணுனதுதானே?”

“எண்பத்திநாலு. வாய்க்காக் கரையில ஒண்ணு சாஞ்சாப்புல நின்னுச்சு. அன்னிக்கு விழல. தை மாசம் ஒருநா சாயந்தரம் காத்தே இல்லாம விழுந்துச்சு.”

“எனக்குத் தெரியாதேப்பா.”

“நீ எங்க பாத்த,” என்றார். பேனாவைக் கேட்டு வாங்கி, மூன்றை அடித்து நாலு போட்டார்.